துரையின் சேணமும் தாத்தாவின் குத்தூசியும்



பதுளையில் பஸ் ஏறி, பசறையைக் கடந்து மடுல்சீமை மலைக்கு ஏறியவர்களுக்கு அந்தப் பாதையின் தன்மை தெரிந்திருக்கும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். நடுவே மூடுபனி. பிட்டமாருவைப் பக்கம் போனால் மலை சட்டென்று அறுந்து, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். 'சின்ன உலக முடிவு' என்று உல்லாசப் பயணிகள் இன்று படம் பிடிக்கும் இடம் அது.

மோட்டார் வண்டி வராத காலத்தில் இந்த மலையில் மனிதர் எப்படி ஏறினார்கள்? எங்கள் பாட்டன் பூட்டன் நடந்து ஏறினார்கள். அவர்களை வேலை வாங்கிய துரைமார் குதிரையில் ஏறினார்கள். நடந்தவர்களின் வரலாறு இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டு வருகிறது. சவாரி செய்தவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி வைத்துவிட்டார்கள். இந்த இருவருக்கும் இடையில், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன் இருந்தான். அவன் பெயர் குதிரைக்காரன். அவனைப் பற்றியும், அவன் துடைத்துத் தைத்து மெழுகிட்ட சேணத்தைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன்.

சொல்வதற்கு எனக்கு ஓர் உரிமை உண்டு. என் தாத்தா குதிரைக்காரர். நானோ ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அறுபது வயதுக்கு மேல் தோல் வேலையைப் பொழுதுபோக்காகப் பழகி, பதினான்கு மாதம் பாடுபட்டு ஒரு சேணம் செய்து முடித்தவன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சேணம் என்ற சொல்லை இன்று எல்லோரும் அறிவர். கலனை, பல்லணம் என்ற பெயர்களும் பழைய நூல்களில் உண்டு. குதிரையைச் சவாரிக்கு ஆயத்தம் செய்வதைப் 'பண்ணுதல்' என்றே நம் முன்னோர் சொன்னார்கள். இன்று எதற்கெல்லாமோ நாம் பயன்படுத்தும் 'பண்ணு' என்ற சொல்லுக்குள் ஒரு காலத்தில் சேணம் பூட்டும் வேலையும் அடங்கியிருந்தது. பிற்காலத்தில் பாரசீகத்திலிருந்து ஜீனி, லகான், சவாரி என்ற சொற்கள் வந்து சேர்ந்தன. குதிரை வந்த வழியிலேயே சொல்லும் வந்தது.

ஆம், குதிரை நமக்கு வந்த பொருள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டுப் பாண்டியனிடம் அகப்பட்டுக்கொண்ட மாணிக்கவாசகரின் கதையை அறியாத தமிழர் இல்லை. நரி பரியான அந்தக் கதைக்கு அடியில் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. அரசனின் கருவூலத்தையே காலி செய்யக்கூடிய சரக்காகக் குதிரை இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோவதையும் எழுதினார்.

அந்தக் கடைசி வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். குதிரையை வாங்கப் பொன் போதும். உயிரோடு வைத்திருக்க ஒரு மனிதன் வேண்டும்.

நம் தீவிலும் அப்படியே. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் நெடுந்தீவில் பெருக்கிய குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அந்தத் தீவில் கட்டற்று மேய்கின்றன. மலைநாட்டிலோ குதிரை என்பது ஆங்கிலேயரின் கதை. 1815இல் கண்டி அவர்கள் கைக்குப் போனது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்து, கொடூரமாக அடக்கப்பட்டார்கள். அதன் பிறகு பதுளையில் ஒரு கோட்டையும், அதிகாரியும், அவருக்கு ஒரு குதிரையும் நிலைத்தன.

அந்த அதிகாரிகளில் பேர்போனவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். ஊவாவில் பாதைகள் வெட்டுவித்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் உண்டு. அவருடைய குதிரையைப் பிடித்தவன் யார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

பின்னர் கோப்பி வந்தது. கோப்பித் தோட்டம் என்றால் ஒன்றிரண்டு ஏக்கர் அல்ல. ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஒரு நாளில் சுற்றிப் பார்க்க வேண்டும். அடுத்த துரையின் பங்களாவுக்குப் போக வேண்டும். பதுளைக்குப் போய்ச் சம்பளக் காசு கொண்டுவர வேண்டும். வண்டிப் பாதை இல்லாத மலைகளில் சாமான்களைத் தவளம் மாடுகள் சுமந்தன. முதுகின் இருபுறமும் மூட்டை தொங்க, வரிசையாக நடக்கும் அந்தப் பொதி மாடுகளை நடத்தியவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் முக்கியமானவர்கள். துரைமாரைக் குதிரைகள் சுமந்தன. நியூ சவுத் வேல்ஸ் என்ற ஊர்ப் பெயரால் 'வேலர்' என்று அழைக்கப்பட்ட ஆஸ்திரேலியக் குதிரைகள் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்திறங்கிய காலம் அது.

எங்கள் மடுல்சீமைக்கு இந்த வரலாற்றில் ஒரு துயரமான முதலிடம் உண்டு. கோப்பிச் செடியின் இலையில் மஞ்சள் தூள் படிந்தாற்போல ஒரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது மடுல்சீமையின் கலூலா தோட்டத்தில்தான். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சணம் என்று அங்கே கண்டறிந்து பெயரிட்டார்கள். இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி அநேகமாக அழிந்தது. துரைமார் பலர் கடனாளிகளாகக் கப்பல் ஏறினார்கள். குதிரைகள் ஏலம் போயின. எங்கள் ஆட்களோ சம்பள பாக்கியோடு பட்டினி கிடந்தார்கள். அதன் பிறகுதான் இந்த மலைகளில் தேயிலை பரவியது.

தேயிலைக் காலத்திலும் குதிரை நீடித்தது. புகைவண்டி 1894இல் பண்டாரவளை வரை வந்து நின்றுவிட்டது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. தெமோதரையில் பாதை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழையும் அந்த வளைவு அப்போது கட்டப்பட்டதுதான். பதுளைக்கு அப்பால், மடுல்சீமைக்கு, புகைவண்டி எந்தக் காலத்திலும் வரவில்லை. ஆகவே மற்ற இடங்களில் மோட்டார் வந்த பிறகும் எங்கள் பக்கம் குதிரை லாயங்கள் சில காலம் உயிரோடிருந்தன. அப்படிப்பட்ட ஒரு லாயத்தில்தான் தாத்தா வேலை பார்த்தார்.

அப்பாயி சொல்லிக் கேட்டது இது. விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்துவிட வேண்டும். அப்பாயி புல் அறுத்துக் கட்டிச் சுமந்து வருவாள். துரை புறப்பட்டால் தாத்தாவும் கூடவே ஓட வேண்டும். துரை எங்கே இறங்குகிறாரோ அங்கே தாத்தா கடிவாளத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் சேணத்தை இறக்கி, வியர்வையைத் துடைத்து, கொழுப்புப் பூசி வைக்க வேண்டும். மடுல்சீமைப் பனியில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் தோலில் பூஞ்சணம் பூத்துவிடும். தையல் விட்டால் தைப்பதும் அவரே. சேணம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதற்கு உயிர் கொடுத்து வைத்திருந்தது தாத்தாவின் குத்தூசி.

சிறுவனாக இருந்தபோது அப்பாயியிடம் கேட்டேன்: "தாத்தா ஒருநாளாவது அதுல ஏறி உக்காந்திருக்காரா அப்பாயி?"

அப்பாயி வாய்விட்டுச் சிரித்தாள். "உக்காந்தா முதுகுத் தோலு சேணமாயிரும்னு சொல்லுவாரு."

தாத்தாவுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது? இங்கேதான், நேயர்களே, நான் நாற்பது வருடம் வகுப்பறையில் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் தோல் வேலை செய்தவர்களின் வழி வந்தவர்கள். ஊர் எங்களைச் சக்கிலியர் என்றது. தமிழ்நாட்டில் இன்று அருந்ததியர் என்று தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். கங்காணியோடு கடல் கடந்து வந்தபோது சாதியும் கூடவே தோணி ஏறி வந்தது. தோட்டங்களில் சாதிக்கொரு லயம் பார்த்துக் குடிவைத்தார்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு வாசல்கூட்டி வேலை கொடுக்கப்பட்டது. தோலைத் தொடக்கூடிய கை என்பதால் தாத்தாவுக்கு லாயம் வாய்த்தது. மோட்டார் வந்து லாயம் மூடப்பட்டதும், அவரும் வாசல்கூட்டியானார்.

அப்பா இதையெல்லாம் மறக்க விரும்பினார். என்னைப் படிக்க வைப்பதற்காக வாழ்ந்த மனிதர் அவர். ஒருமுறை அறுந்த செருப்பை நானே தைக்க உட்கார்ந்தபோது, செருப்பைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டுச் சொன்னார்: "புத்தகத்தத் தொட்ட கையால தோலத் தொடாத." எங்கள் வீட்டில் தோல் என்ற சொல்லே அதன் பிறகு எழவில்லை.

அப்பா காலமான பிறகு லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றினோம். தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம் இருந்தது. பிரித்தால், மரப்பிடி போட்ட ஒரு குத்தூசி, அரைவட்டக் கத்தி ஒன்று, கறுத்துப்போன மெழுகு உருண்டை ஒன்று. தாத்தாவின் சாமான்கள். அப்பா அவற்றை வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. ஆனால் வீசி எறியவும் இல்லை. பல ஆண்டுகள் எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன.

அன்றுதான் தோல் வேலை பழகுவது என்று முடிவு செய்தேன். பணப்பை, கத்தி உறை, புத்தக அட்டை என்று தொடங்கி, இரண்டு வருடத்தில் சேணத்துக்கு வந்தேன். எந்தச் சேணம் என்பதுதான் அடுத்த கேள்வி.

துரைமாரின் ஆங்கிலச் சேணம் தட்டையானது, இலேசானது. பதினைந்து, இருபது இறாத்தலுக்குள் அடங்கும். நரி வேட்டையில் வேலி தாண்டிக் குதிப்பவர்களுக்காக வளர்ந்த வடிவம். எனக்கோ அதில் மனம் செல்லவில்லை. நான் தெரிவு செய்தது அமெரிக்க மாட்டுக்காரரின் சேணம். முன்னால் கொம்பு வைத்து, பின்னால் உயர்ந்த சாய்வு வைத்து, முப்பது நாற்பது இறாத்தல் கனக்கும் சேணம்.

அதைச் சிறுவயதிலேயே திரையில் பார்த்திருந்தேன். 1970களில் ஜெய்சங்கர் நடித்து, கர்ணன் இயக்கிய 'கங்கா' போன்ற படங்களில் தமிழ்நாட்டு வெயிலில் கவ்போய்கள் குதிரை ஓட்டினார்கள். பின்னர் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் வந்தார். அவற்றைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சேணம் வீரனின் ஆசனமாகத் தெரிந்தது. வரலாற்றைப் படித்தபோதுதான் அது கூலியாளின் ஆசனம் என்று புரிந்தது.

சேணத்தின் பயணம் நெடியது. காலை வைக்க ஒரு வளையம் வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்திலேயே பழையது. சாஞ்சி ஸ்தூபியின் சிற்பங்களில், கால் பெருவிரலை மட்டும் நுழைக்கும் கயிற்று வளையத்தைப் பார்க்கலாம். முழுப் பாதத்துக்குமான உலோக அங்கவடி 4ஆம் நூற்றாண்டளவில் சீனத்தில் காணப்படுகிறது. அங்கிருந்து அது மேற்கே போனது. அரபியரும் வட ஆபிரிக்கரும் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் தங்கள் சவாரி முறையை அங்கே விட்டுச் சென்றார்கள். 1519இல் கோர்ட்டெஸ் பதினாறு குதிரைகளோடு மெக்சிக்கோவில் இறங்கினார். காலப்போக்கில் அங்கே குதிரை பெருகியது, மாடும் பெருகியது. மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. பூர்வீகக் குடிகளையும் கலப்பினத்தவரையும் குதிரையில் ஏற்றி மாட்டுக்காரராக்கினார்கள். ஸ்பானிய மொழியில் அவர்களுக்கு 'வக்கேரோ' என்று பெயர். சரியான தமிழ் மாட்டுக்காரன் என்பதே.

சுருக்குக் கயிறு வீசி மாட்டைப் பிடித்தால், கயிற்றின் மறுமுனையைக் கட்ட இடம் வேண்டும். கையில் சுற்றினால் விரல் போய்விடும். சேணத்தின் முன்பக்கம் கொம்பு முளைத்தது அதனால்தான். பிடிபட்ட காளையின் இழுவையைக் கொம்பு தாங்க வேண்டும். கொம்பைத் தாங்க மரச்சட்டம் வலுவாக வேண்டும். சட்டத்தின் பாரத்தைக் குதிரையின் முதுகில் பரப்ப அகன்ற பலகைகள் வேண்டும். பதினான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பவன் களைக்காமலிருக்கப் பின்சாய்வு வேண்டும். ஓர் அங்கத்திலாவது அழகுக்காக மட்டும் வைத்தது என்று எதுவும் இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, டெக்சாஸிலிருந்து கான்சாஸ் புகைவண்டி நிலையங்களுக்கு இலட்சக்கணக்கான மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். அப்படி ஓட்டியவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிக்கர்களும் ஏராளம். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள் பலர். வெள்ளித்திரை அவர்களை மறைத்துவிட்டது. மாடு வேறொருவருடையது, நிலம் வேறொருவருடையது, பெரும்பாலும் குதிரையும் வேறொருவருடையது. சேணம் மட்டும் மாட்டுக்காரனின் சொந்தச் சொத்து. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு அடுத்த பண்ணைக்கு வேலை தேடிப் போனான்.

என் தாத்தா துரையின் சேணத்தைத் துடைத்தார். உழைப்பாளி தன் சொந்தச் சேணத்தில் உட்கார்ந்த ஒரு வரலாறும் உலகத்தில் உண்டு என்று அறிந்தபோது, செய்வதானால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேணம் குதிரைக்குப் பொருந்த வேண்டும், ஏறுபவனுக்கு அல்ல. நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலருகே பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டும் ஒருவரிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. வளையக்கூடிய கம்பியை அதன் முதுகில் அழுத்தி, அந்த வளைவைக் கடதாசியில் வரைந்துகொண்டு வந்தேன். பசறைத் தச்சர் ஒருவர் பலா மரத்தில் சட்டம் இழைத்துத் தந்தார். பதனிடாத பச்சைத் தோலை நீரில் ஊறவைத்துச் சட்டத்தின் மேல் போர்த்தி இறுக்கித் தைக்க வேண்டும். காயக் காயத் தோல் சுருங்கி, மரத்தை இரும்பு போலப் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் முதல் தோல்வி. மடுல்சீமைப் பனியில் தோல் காயவில்லை. பொறுமையிழந்து அடுப்படியில் பரண் கட்டி வைத்தேன். இரண்டே நாளில் காய்ந்தது. சூடு பட்ட பக்கம் முன்னதாகச் சுருங்கியதால் ஒரு பலகை முறுக்கிக்கொண்டது. மேசையில் வைத்தால் சட்டம் மூன்று காலில் நின்றது. மனிதன் ஏறினால் குதிரையின் முதுகில் புண் வரும். ஐந்து மாத உழைப்பு விறகாயிற்று. இரண்டாவது சட்டத்தை நிழலில், காற்றில், ஆறு வாரம் காயவிட்டேன்.

மேல் தோல் திண்டுக்கல்லிலிருந்து நண்பர் ஒருவர் மூலம் வந்தது. தாவரப் பட்டையால் பதனிட்ட மாட்டுத் தோல். அரை அங்குலத்தில் பாதிக் கனம். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது பழைய தொழில். அப்படிப் பதனிட்ட தோல்கள் 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இலண்டன் சந்தைக்குப் போயின. அங்கே சப்பாத்தாகவும் பையாகவும் மாறிய தோலில் ஆவாரம்பூ வாசம் யாருக்குத் தெரிந்திருக்கும்? படைகளுக்கான சேணங்களைத் தைக்க 1860களில் கான்பூரில் அரசாங்கம் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. அந்த நகரம் இன்றும் வெளிநாடுகளுக்குச் சேணம் அனுப்புகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. 1912இல் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் தோல் கம்பனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். குரோம் தோல் மென்மையானது, இழுபடும். சேணத்துக்கு ஆகாது. பட்டைத் தோலை நனைத்தால் களிமண் போல வளையும், காய்ந்தால் வளைத்த வடிவத்திலேயே நிற்கும். சேணக்காரனுக்கு அதுவே வேண்டும்.

ஆசனத் தோலை நனைத்துக் கொம்பிலிருந்து பின்சாய்வு வரை இழுத்துப் படிய வைப்பதற்கு நான்கு நாள் பிடித்தது. அங்கவடி வார்களை நனைத்து முறுக்கி, இரண்டு அங்கவடிகளுக்கும் குறுக்கே விளக்குமாற்றுக் கம்பைச் செருகி ஒரு வாரம் வைத்தேன். இல்லாவிட்டால் அங்கவடி குதிரையின் விலாவோடு ஒட்டிக் கிடக்கும், கால் நுழையாது. அடிப்பக்கத்துக்கு மேலை நாட்டில் உரோமத்தோடு ஆட்டுத் தோல் வைப்பார்கள். நான் கம்பளி வைத்தேன். மலையகத்துக்காரருக்குக் கம்பளியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழையிலும் பனியிலும் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்ட கறுப்புக் கம்பளி. தோட்டம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கம்பளி.

கூடத்தில் சேணம் உருவாகிக்கொண்டிருந்தபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் வருவதையே நிறுத்திக்கொண்டார். சித்தப்பாதான் நேராகக் கேட்டார். எண்பது வயதைத் தாண்டியவர், அப்பாவின் கடைசித் தம்பி.

"நாங்க மறக்கணும்னு நெனச்சத நீ ஏன்டா தம்பி நடுக்கூடத்துல கொண்டாந்து வச்சிருக்க? ஒங்கப்பன் இருந்தா இத ஒத்துக்குவானா?"

எனக்குப் பதில் வரவில்லை. கூரையிலிருந்து எடுத்த பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். "இத அப்பாதான் எடுத்து வச்சிருந்தாரு சித்தப்பா" என்றேன்.

அவர் குத்தூசியை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து சேணத்தின் பக்கம் போய், நான் தைத்திருந்த ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "நூலுக்கு மெழுகு போதல. குத்துற ஓட்ட நேரா இருக்கு, சாய்ச்சுக் குத்தணும். அப்பத்தான் தையல் பக்கத்துல பக்கத்துல படுக்கும்" என்றார். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுப்பது சேணத் தையல். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது விடாது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன். சித்தப்பா அதைத் தன் தகப்பன் மடியிலிருந்து பார்த்தவர். ஆறு வயதில் பார்த்ததை எழுபது வருடத்துக்கு மேல் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். அன்று சாயந்தரம் ஒரு சாண் நீளம் அவரே தைத்தார். சேணத்தின் இடது ஓரத்தில் அந்த ஒரு சாண் மட்டும் தனியாகத் தெரியும். மற்றதெல்லாம் என் வேலை, அதைவிட மட்டமானது.

அவர் அதன்பின் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். "செஞ்சது சரி. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பயம் பொய்யான பயம் அல்ல. கலியாணப் பேச்சில், தேர்தலில், கோயில் திருவிழாவில் அந்தச் சொல் இன்றும் எழுகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோது எங்களில் சாதி பார்க்கவில்லை. 1964 ஒப்பந்தப்படி கப்பல் ஏற்றியபோதும் பார்க்கவில்லை. அப்படிச் சேர்ந்து அடிபட்ட பிறகும் நமக்குள்ளே பார்க்கிறோமே, அதைத்தான் யோசிக்க வேண்டும். சித்தப்பா சொன்னதைக் கேளாமல் நான் இன்று வானொலியில் சொல்வதும் அதற்காகவே. இழிவு தோலில் இல்லை, தைத்த கையிலும் இல்லை. அந்தக் கைக்குக் கொடுத்த பெயரில் இருந்தது.

துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதன் தலைப்பே 'இங்கே வா'. நம் மொழியிலிருந்து அவர்கள் முதலில் கற்றுக்கொண்டது ஏவலைத்தான். அந்த ஏவலுக்கு ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தவர்களின் கைத்திறனை யாரும் எழுதி வைக்கவில்லை. கம்பளைக்கு அருகில் பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் 2007ஆம் ஆண்டு தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் நம் வரலாறு என்றால், குத்தூசியும் வரலாறுதான். உங்கள் வீட்டுக் கூரையிலும், பரணிலும், பெட்டியடியிலும் இப்படி மறைத்து வைத்த சாமான் ஏதாவது இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள். வைத்திருந்தவரின் பெயரையும், அவர் செய்த வேலையையும் ஒரு கடதாசியில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள்.

சேணம் முப்பத்தாறு இறாத்தல் வந்தது. போன ஏப்ரல் மாதம் அதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். அளவெடுத்த அதே மட்டக்குதிரையின் மேல் கம்பளியோடு வைத்து, வாரை இறுக்கினோம். குதிரை ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு அமைதியாக நின்றது. கையை விட்டுப் பார்த்தேன். முதுகெலும்பின் மேல் சட்டம் தொடவில்லை. பேத்தியை ஏற்றினோம். திடலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

இறங்கியதும், "தாத்தா, நீங்களும் ஏறுங்க" என்றாள்.

எனக்கு முழங்கால் வலி. குதிரைக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, மகன் மறுபக்கம் தாங்க, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தேன். குதிரை நடக்கவில்லை, நானும் நடத்தவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு இறங்கினேன். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் குதிரைக்காரரிடம், "நீங்களும் ஒருமுறை ஏறுங்க ஐயா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.